ஒதிய இலையும் பூவரசங் குச்சியும்

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். கட்டடங்களின் வரலாற்றை மூத்தவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு பூஞ்சையின் வரலாற்றை எழுதுகிறேன். இயற்பியல் படித்துப் பிறகு பொறியாளனாகிப் போனவனுக்கு இதில் என்ன வேலை என்று தாவரவியல் நண்பர்கள் கேட்கலாம். காரணம் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருதான்.

சென்ற மழைக்குப் பிறகு பூவரச மரத்தடியில் உதிர்ந்து கிடந்த குச்சிகளில் கறுப்பாகத் தூள் படிந்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டியது. நம் வடசென்னையில் கறுப்பாக எது இருந்தாலும் கரித்தூள்தானே! உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று தெருவே கொதித்தது. மனு தயாராகி என் கையெழுத்துக்கு வந்தது.

எனக்குச் சந்தேகம். நம் கல்லூரித் தாவரவியல் துறையில் ஆசிரியராக இருக்கும் நண்பனிடம் குச்சியைக் கொண்டுபோனேன். செல்லோடேப்பில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தான். கரி என்றால் உடைந்த கண்ணாடிபோல முனைமுனையாகத் தெரிய வேண்டும். தெரிந்ததோ ருத்திராட்ச மாலை! ஒரே மாதிரி மணிகள், கோத்ததுபோல் வரிசை வரிசையாக.

"பூஞ்சைடா. வித்துகள். ஆனா எந்தப் பூஞ்சைன்னு சட்டுனு சொல்ல முடியாது" என்றான்.

ஏன் முடியாது என்பதில்தான் சென்னையின் வரலாறு இருக்கிறது. இத்தாலியின் சக்கார்டோ 1882 முதல் வெளியிட்ட பெருந்தொகுதிகளில் இத்தகைய பூஞ்சைகளை வித்தின் நிறம், வடிவம், அறைகளின் எண்ணிக்கை பார்த்துப் பிரித்தார். போல்ட்டுகளை நிறம் பார்த்து அடுக்குவது போன்ற காரியம் இது. வார்ப்பா, கடைசலா, உலையில் அடித்ததா என்று கேட்பவன்தானே பொறியாளன்? கனடாவில் ஸ்டான்லி ஹியூஸ் 1953இல் அந்தக் கேள்வியைக் கேட்டார்: வித்து எப்படிப் பிறக்கிறது?

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில், டி. எஸ். சதாசிவனின் மாணவரான சி. வி. சுப்பிரமணியன் (1924–2016) சென்னைப் பூஞ்சைகளைப் பற்றி வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். 1952இல் ஒதிய மரத்தின் இலையில் கண்ட ஒன்றுக்குப் பெல்ட்ரானியெல்லா ஒடினே என்று பெயரிட்டார். அது ஒரு புதிய பேரினம். 'ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாது' என்று நாம் கேலி செய்யும் அதே மரம்தான்! வித்து பிறக்கும் விதத்தையே அடிப்படையாகக் கொண்டு 1962இல் அவர் தம் வகைப்பாட்டை வெளியிட்டார். 1965இல் பட்நாகர் விருது. 1971இல் வந்த அவருடைய 'ஹைஃபோமைசீட்ஸ்' நூல் 900 பக்கங்களைத் தாண்டும். செர்கோஸ்போரா வகைகளை மட்டும் அதில் விட்டுவிட்டார்.

எங்கள் மாலைக்கும் இதே கேள்விதான் வழிகாட்டியது. பெனிசிலியத்திலும் வித்துகள் மாலையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கடைசியாகப் பிறந்தது அடியில், தாய்ச் செல்லை ஒட்டி நிற்கும். எங்களுடையதில் இளையது நுனியில், வெளிறிப் போய் இருந்தது. மாலை கிளைவிட்டும் இருந்தது. அடியில் தாய்ச் செல் தடித்த சுவருடன் கறுத்திருந்தது. மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து பார்த்துத்தான் டோருலா என்ற முடிவுக்கு வந்தோம்.

அதற்குமேல் எது? முன்பெல்லாம் 'ஹெர்பாரம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இன்று மரபணு பார்க்காமல் அப்படி எழுத நண்பன் ஒப்பவில்லை. 2017இல் வந்த கணிப்புப்படி உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம். பெயர் பெற்றவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவன் தயங்கியது நியாயமே.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "டேய், முப்பது வருஷம் ஹார்பர்ல இருந்தவன் நான். கரி எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு சற்று யோசித்து, "அப்போ மொட்டை மாடியில துடைச்சதையும் எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்றார். பார்த்தோம். அதில் மாலை எதுவும் இல்லை, முனைமுனையான துண்டுகள்தான்.

மனுவில் குச்சி பற்றிய வரியை அடித்துவிட்டு, மாடித் தூசி பற்றிய வரியை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டேன். குச்சி இப்போது தாவரவியல் துறையில் ஒரு காகித உறையில் இருக்கிறது. மேலே 'டோருலா, பூவரசு, தண்டையார்பேட்டை' என்று எழுதி, சிற்றினத்துக்கு இடம் காலியாக விட்டிருக்கிறோம். இன்றைய மாணவர்கள் கேட்டால் நண்பன் எடுத்துக் காட்டுவான்.