சாட்சி கேட்டவருக்குச் சாட்சி

இயேசு உயிர்த்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, ஆணி பாய்ந்த தழும்பில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்றவர் தோமா. அவர் மயிலாப்பூருக்கு வந்தார், பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதற்கும் சாட்சி கேட்டார்கள். ஐந்நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் சாட்சி தேடிக் கிளம்பியவர்கள் யாரும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை.

நான் ஆலந்தூர்க்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். தோமையார் வந்ததை எங்கள் வீட்டில் யாரும் விவாதித்து நான் கேட்டதில்லை. சிறுவயதில் காய்ச்சல் விடாமல் அடித்தால், சாந்தோமிலிருந்து முடிந்து வைத்திருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஆயா என் வாயில் ஊற்றுவாள். அந்த மண் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அவள் கேட்கவில்லை. மாத்திரையையும் கூடவே கொடுத்துவிடுவாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி நாளில் மார்கோ போலோவின் பயணக் குறிப்பைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாபார் நாட்டுக்கு (நம் தமிழகக் கடற்கரைக்கு) வந்த அந்த வெனிஸ்காரர், தோமாவின் உடல் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது என்று எழுதுகிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை போகிறார்கள், அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய் முறைக்காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள் என்கிறார். அப்படியே ஆயாவின் வைத்தியம்! போர்த்துகீசியர் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே இந்த வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. மார்கோ போலோ கேட்ட கதையில் ஈட்டியும் இல்லை, அதால் குத்தியதாகப் பின்னாளில் சொல்லப்பட்ட பிராமணர்களும் இல்லை. மயிலைக் குறிவைத்த வேடனின் அம்பு, ஜெபத்தில் இருந்தவர் மேல் தவறிப் பட்டுவிட்டது, அவ்வளவுதான். யார் மேலும் பழி இல்லாத சாவு.

கதையின் மூலத்தைத் தேடினால் சிரியாக்காரர்களிடம் போய் நிற்கும். 3-ஆம் நூற்றாண்டில் எதெஸ்ஸா நகரப் பக்கம் (இன்று துருக்கியில் உள்ள உர்ஃபா) சிரிய மொழியில் எழுதப்பட்ட ‘தோமா பணிகள்’ என்ற நூல்தான் நமக்குக் கிடைத்தவற்றில் பழையது. அதில் தோமா தச்சர். ஒரு வணிகனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்கு வருகிறார். குந்தபர் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறார். அரண்மனை எங்கே, காட்டு என்கிறான் அரசன். இப்போது தெரியாது, செத்த பிறகு பார்ப்பாய் என்கிறார் இவர். தழும்பைக் காட்டு என்றவரே, காட்டு என்று கேட்கிறவனுக்குக் கைவிரிக்கிற இடம் இது. அரசனுக்கு வந்த கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அப்புறம் அரசனின் தம்பி இறந்து, விண்ணுலகில் அந்த அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு அரசன் இருந்தானா? வெகுகாலம் கற்பனை என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1830களில் சார்லஸ் மேசன் காபூல் பக்கம் அள்ளிச் சேர்த்த பழங்காசுகளில் கொண்டபரேஸ் என்ற பெயர் வந்தது. பிறகு பெஷாவர் பக்கத்துத் தக்த்-இ-பாஹியில் ஒரு கல்வெட்டும் கிடைத்தது. அவன் ஆட்சியின் 26-ஆம் ஆண்டு, ஏதோ ஒரு சகாப்தத்தின் 103-ஆம் ஆண்டு என்கிறது. பெரும்பாலான அறிஞர்களின் கணக்கில் அது கி.பி. 46. காலம் தோமாவோடு பொருந்துகிறது. விசுவாசிகள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் காசு சொல்வது அரசன் இருந்தான் என்பதை மட்டும். தச்சர் வந்தார் என்று அது சொல்லவில்லை. அவன் ஆண்டதும் காந்தாரம். அங்கிருந்து மயிலாப்பூர் எவ்வளவு தூரம்!

எலும்புகளின் கதை இதைவிடச் சிக்கல். அந்தச் சிரிய நூலின் கடைசியிலேயே, வேறொரு அரசன் நோயுற்ற தன் மகனுக்காகக் கல்லறையைத் திறந்தால் உள்ளே எலும்பு இல்லை; முன்பே யாரோ மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். அரசன் அங்கிருந்த மண்ணை எடுத்து மகனின் கழுத்தில் கட்டுகிறான். மறுபடியும் மண்! 4-ஆம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் தோமாவின் சமாதி பெயர்பெற்ற யாத்திரைத் தலம். அந்த நகரம் 1144-இல் வீழ்ந்த பிறகு எலும்புகள் கிரேக்கத் தீவான கியோஸுக்குப் போயின. 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குக் கப்பலேறின. இன்றும் அந்த ஊர்ப் பேராலயத்தில் வைத்து வணங்குகிறார்கள்.

இது இப்படியிருக்க, 1523-இல் போர்த்துகீசியர் மயிலாப்பூரில் இடிந்துகிடந்த பழைய தேவாலயத்துக் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஒரு ஈட்டிமுனை, மண் நிரம்பிய ஒரு சட்டி கிடைத்தன. இது அவருடையதே என்று முடிவு கட்டினார்கள். எலும்பு போன கல்லறையில் எலும்பு எப்படி வந்தது என்று யாரும் அப்போது பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. 1530களில் உள்ளூர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரணை நடத்தி, வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. கடல்கடந்து வந்து கோட்டை கட்டுகிறவனுக்கு, எங்கள் அப்போஸ்தலர் எங்களுக்கு முன்பே இங்கே வந்துவிட்டார் என்பது பெரிய பிடிமானம் அல்லவா? அந்தக் குடியேற்றத்துக்கே சாந்தோம் என்று பெயர் வைத்தார்கள்.

நான் அதிகம் சொல்ல நினைப்பது மலைமேல் இருக்கிற கல்லைப் பற்றி. 1547-இல் பரங்கிமலை உச்சியில் தேவாலயத்துக்காகத் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. இன்றும் மாதா கோயிலின் பீடத்தில் அதைப் பார்க்கலாம். சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டு விரிவதுபோல் முடிகின்றன. மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இரண்டு பக்கமும் தூண், தூணின் தலையில் மகரம், மகரத்தின் வாயிலிருந்து எழும்பும் வளைவு. நம் கோயில் மகரதோரணம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகவே படாது. அந்த வளைவை ஒட்டி, யாருக்கும் புரியாத எழுத்து ஒரு வரி ஓடுகிறது.

1558 டிசம்பர் 18 அன்று, பூசை நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கல் நிறம் மாறி ஈரம் கசிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டம் அலறியது. துணியால் துடைத்தார்கள், துணியில் சிவப்பு ஒட்டியது. அதன்பின் பல வருஷங்கள் அதே திருநாளில் கசிந்ததாகவும், 1704-க்குப் பிறகு நின்றுவிட்டதாகவும் பதிவு. கடலோரக் காற்று, டிசம்பர் ஈரம், நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சு, கல்லில் இரும்புச் சத்து என்று வகுப்பில் மாணவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்வேன். ஒரு பையன் எழுந்து கேட்டான்: “அப்போ இப்ப ஏன் சார் கசியல? இப்பவும் கடல் அங்கதானே இருக்கு?” அவனுக்குப் பதில் சொல்ல நான் திணறியது உண்மை. ஆனால் அவன் என்னைக் கேட்டதைப்போல, அந்த எழுத்தைப் பற்றியும் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கேட்டார்கள், ஆனால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர் என்று விஜயநகர நாட்டிலிருந்து ஒரு பிராமணரை அழைத்துவந்தார்கள். ஒரு எழுத்துக்குள் பல சொற்கள் அடங்கியிருக்கின்றன என்று சொல்லி, தோமாவின் வருகை, அவர் செய்த புதுமைகள், மரணம் எல்லாவற்றையும் அந்த ஒற்றை வரியிலிருந்து அவர் வாசித்துக் காட்டினார். கூப்பிட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த மனிதர். ஐரோப்பாவில் அந்த வாசிப்பு வெகுநாள் அச்சில் ஓடியது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராஜாவுக்கு ஜாதகம் எழுதுகிற ஜோசியர் வேறென்ன செய்வார்?

1873-இல்தான் ஏ.சி. பர்னல் அதை முறையாகப் படித்து வெளியிட்டார். தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே பர்னல். அது பஹ்லவி, பழைய பாரசீக நாட்டு எழுத்து. இதே வரி கோட்டயம் வலியபள்ளியில் உள்ள சிலுவையிலும் இருக்கிறது, கேரளத்தின் வேறு சில பழைய தேவாலயங்களிலும் இருக்கிறது. பர்னலுக்குப் பிறகு பலர் பலவிதமாக வாசித்தார்கள். 1920களில் வின்க்வொர்த் என்ற ஆய்வாளர் தந்த வாசிப்பையே இன்று பலர் ஏற்கிறார்கள். அதன்படி அது ஒரு சின்ன வேண்டுதல்: சஹர்பொக்த் என்பவரின் மகனான அப்ராஸ் என்ற சிரியக் கிறிஸ்தவருக்குக் கிறிஸ்து இரங்க வேண்டும். அவர் இதைச் செதுக்கியவரா, வைத்தவரா என்பதில் வாதம் இருக்கிறது. காலம் ஏறக்குறைய 8-ஆம் நூற்றாண்டு என்று எழுத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். தோமாவின் பெயர் அதில் கிடையாது.

பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இல்லை. தோமாவுக்குச் சாட்சியாக எடுத்த கல், பாரசீகக் கடலோரங்களிலிருந்து வணிகம் செய்ய வந்து இங்கே தங்கிய ஒரு கூட்டத்துக்குச் சாட்சி சொல்கிறது. அதற்குத் துணைச்சாட்சியும் உண்டு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, 849-இல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைகளை வட்டெழுத்தில் சொல்கிறது. அதன் கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. முஸ்லிம், ஜொராஷ்டிரியர், யூதர் எல்லாரும் ஒரு தேவாலயத்தின் பத்திரத்துக்குச் சாட்சி போட்டிருக்கிறார்கள். அனுராதபுரத்தில் 1912-இல் தோண்டியெடுத்த சிலுவையும் இந்த ஜாடையில்தான் இருக்கிறது. முதல் நூற்றாண்டுச் சாட்சியைத் தேடிய அவசரத்தில் இந்த மனிதர்களை நாம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

சாட்சி வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் காலத்திலேயே உதாரணம் உண்டு. வள்ளுவர் தோமாவிடம் பாடம் கேட்டவர் என்று நிறுவப் புத்தகங்கள் வந்தன. 1970களில், அதற்கு ஓலைச்சுவடி ஆதாரம் தேடித் தருகிறேன் என்று ஒருவர் திருச்சபையில் மிகப் பெரிய பொறுப்பில் இருந்தவரிடமே லட்சக்கணக்கில் பணம் வாங்கினார். ஆதாரங்கள் போலி என்று தெரிந்து வழக்கு நீதிமன்றம் வரை போனது. எதிர்த்தரப்பிலும் குறைச்சல் இல்லை. சாந்தோமில் கிடைத்த இந்துக் கோயில் கற்களை ஹோஸ்டன் என்ற இயேசு சபைத் துறவியே 1920களில் சேகரித்துப் பதிவு செய்தார். அங்கே பழைய கோயில் இருந்ததற்கு அந்தக் கற்கள் சாட்சிதான். ஆனால் அதை வைத்துத் தோமா என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்று மேடையில் பேசுவது, பிராமணர் வாசித்த வாசிப்புக்கு எந்தவிதத்திலும் குறைந்ததல்ல.

ரோமாபுரியே இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டது. 2006 செப்டம்பர் 27 அன்று அப்போதைய போப் பதினாறாம் பெனடிக்ட், தோமா சிரியாவிலும் பாரசீகத்திலும் போதித்துவிட்டு மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவுக்குப் போனது என்கிற பொருளில் பேசினார். தோமா தங்கள் கரைக்கே வந்தார் என்று நம்பும் கேரளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பேச்சின் எழுத்து வடிவத்தை வத்திக்கான் திருத்தி வெளியிட்டது. இத்தனைக்கும் 1953-இல் ஓர்த்தோனாவிலிருந்தே தோமாவின் எலும்பு ஒன்று கேரளத்துக் கொடுங்ஙல்லூருக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது.

அவர் வந்திருக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக. முதல் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றைப் பிடித்து மிளகுக் கப்பல்கள் வந்துபோயின. அரிக்கமேட்டில் ரோமானிய ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. ஒரு தச்சர் ஏறிவர அந்தக் கப்பல்களில் இடம் இல்லாமலா போயிருக்கும்? வந்தார் என்று சொல்வதற்கு அது போதாது. வரலாற்று ஆசிரியனாக என் தீர்ப்பு அவ்வளவுதான். அதனால் நான் பரங்கிமலைப் படியேறுவதை நிறுத்திவிடவில்லை. அந்தப் படிகளை 18-ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தவரும் ஒரு வெளியூர் வணிகர், பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதலில் பாலம் கட்டியதும் அவர் பணம்தான்.

டிசம்பர் 18 திருநாள் இன்றும் உண்டு. அன்று போனால் கூட்டத்தில் பீடத்தை நெருங்க முடியாது. சாதாரண வாரநாளில், காலையில் போங்கள். சிலுவையையும் புறாவையும் பார்த்துவிட்டு, வளைவை ஒட்டி ஓடும் அந்த எழுத்தையும் இடமிருந்து வலமாக அல்லாமல் வலமிருந்து இடமாகப் பாருங்கள், பஹ்லவி அப்படித்தான் எழுதப்படும். அந்த மலையில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போன மிகப் பழைய கிறிஸ்தவர் அப்ராஸ்தான்.