ஜாடியின் அடியில் ஒரு துளை

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள கிராக்சைடு மாளிகையின் நூலக விளக்குகள், செம்பின் மேல் எனாமல் வேலைப்பாடு செய்த ஜாடிகள். தலையில் கண்ணாடிக் கோளம். ஜோசப் ஸ்வானின் பல்புகள் 1880 டிசம்பரில் அவற்றில் ஏறின. இவற்றை எப்படி ஏற்றி அணைத்தார்கள்? அதைத்தான் தேடினேன்.

கட்டடக் கலைஞர் நார்மன் ஷாவின் வரைபடங்களில் விடை கிடைக்காது. நூலகம் கட்டப்பட்டது 1870களின் தொடக்கத்தில். பல்பு வந்தது பிற்பாடு. ஆனால் வீட்டுக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் ஒரு பொறியாளர். புதிதாக ஒன்றைச் செய்த பொறியாளர் சக பொறியாளர்களிடம் சொல்லாமல் இருப்பாரா? அந்தக் கால 'தி இன்ஜினியர்' வார இதழைப் புரட்டினேன். 1881 ஜனவரி 17 தேதியிட்டு அவரே எழுதிய கடிதம் இருந்தது.

ஜாடியின் செம்பு உடலே மின்சாரம் திரும்பும் வழி! உள்ளே போவது ஒரே வயர். அது பல்பிலிருந்து இறங்கி, அடித்துளை வழியே உறையில்லாத நுனியை நீட்டிக்கொண்டிருக்கும். பீடத்தின் நடுவே பாதரசம் நிறைந்த சிறு கிண்ணம். ஜாடியை வைத்தால் நுனி பாதரசத்தில் தோயும், விளக்கு எரியும்; தூக்கினால் அணையும். ஜாடியேதான் ஸ்விட்ச்.

இவற்றுக்கு மின்சாரம் தர ஓடை நீரில் சுழன்ற ஆறு குதிரைத்திறன் டர்பைன் வீட்டிலிருந்து 1,500 கெஜம் தள்ளி இருந்தது. வீட்டில் மொத்தம் 45 விளக்குகள். மின்சாரத்தை அறைக்கு அறை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒரே நேரத்தில் 37-க்கு மேல் தேவைப்படவில்லை.

பழைய அலங்கார விளக்கைப் புதுப்பிக்கும்போது பூவேலையைக் காப்பாற்ற எல்லோருக்கும் தோன்றும். மின்சாரம் ஓடிய தடம் அப்படியல்ல. காரணம் தெரியாத துளையை ஒருவர் அடைத்துவிடுவார், இன்னொருவர் பெரிதாக்கிவிடுவார். இத்தகைய ஜாடியில் இன்றைய மின்னழுத்தத்தைப் பழைய முறையில் பாய்ச்சினால் தொட்டவர் உயிருக்கே ஆபத்து, பாதரசமோ நஞ்சு. எனவே நல்ல உறையுள்ள இரு வயர்களையும் அந்தத் துளை வழியாகவே ஏற்ற வேண்டும்; இடம் போதாவிட்டால் விளக்கை எரிய விடாமல் வைத்திருப்பதே மேல். புதுத் துளை கூடவே கூடாது.

நடைவழி, மாடிப்படி விளக்குகள் பெரும்பாலும் மூடியின்றி நட்சத்திரம் போல ஒளிர்ந்தன என்றும், கண்ணை உறுத்தவில்லை என்றும் அதே கடிதம் சொல்கிறது. 'பழமை' தெரியட்டும் என்று அங்கே பூக்கண்ணாடி மூடி மாட்ட யாராவது நினைத்தால், இந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டுவேன்.