எடை குறைந்த ஓட்டச் சப்பாத்து

நெடுந்தூர ஓட்டத்துக்கான எடை குறைந்த சப்பாத்துகள் பயிற்சிக்குரியவை, போட்டிக்குரியவை என இருவகைப்படும். பயிற்சிச் சப்பாத்து ஒன்று பெரும்பாலும் 220 முதல் 300 கிராம். போட்டிச் சப்பாத்து ஏறத்தாழ 200 கிராம் அல்லது அதற்கும் குறைவு. ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஒட்சிசன் தேவை சுமார் 1 சதவீதம் உயரும். ஆனால் எடை மட்டுமே வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. 2017இல் நைக் வெளியிட்ட வேப்பர்ஃப்ளை, துள்ளும் நுரையும் காபன் தகடும் சேர்ந்து, ஆய்வுகூட அளவீட்டில் சக்திச் செலவைச் சுமார் 4 சதவீதம் குறைத்தது. 2020இல் உலக மெய்வல்லுநர் சங்கம் வீதியோட்டச் சப்பாத்தின் அடித்தட்டுத் தடிப்பை 40 மில்லிமீற்றருக்கு மட்டுப்படுத்தியது. 2024 நவம்பர் முதல் சுவட்டு நிகழ்ச்சிகளுக்கு உச்சம் 20 மில்லிமீற்றர்.

வேப்பர்ஃப்ளை போன்றவற்றின் துள்ளும் நுரை விரைவில் தேயும். அன்றாடப் பயிற்சிக்கு அது வீண்செலவு. முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்பில் சப்பாத்துத் தெரிவைத் தீர்மானிப்பது தரைதான். பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியின் தார்த்தளத்துக்கு மெல்லிய அடித்தட்டு போதும். உள்வீதிகளின் கிரவலிலோ கூர்ங்கற்கள் மூடப்படாத நுரையைக் கிழிக்கும், அடிப்பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும். முழுதும் றப்பர் ஒட்டிய அடியே அங்கு நிலைக்கும். பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் வெறுங்கால் ஓட்டமும் வழக்கமே. எடையில் அதை வெல்லும் சப்பாத்து கிடையாது. முட்சப்பாத்து அணிந்து ஓடுவோருக்குச் செயற்கைத் தளத்தில் 9 மில்லிமீற்றர் வரையான முட்களே அனுமதி. புற்றரைக்கும் மண்ணுக்கும் அதைவிட நீண்டவை பொருந்தும்.