கான்ஃபரன்ஸுக்கு பேப்பர் அனுப்பப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் பலருக்கும் ஒரு பேப்பராவது வரணும் என்ற ஆசை உண்டு. அதற்காக, 'மூன்றே நாளில் ஏற்பு உறுதி' என்று வரும் அழைப்புக்குப் பணம் கட்டலாமா?

பணம் எப்போது?
நல்ல மாநாடுகளில் பெரும்பாலும் கட்டுரை அனுப்ப கட்டணம் கிடையாது. மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட பிறகுதான் பதிவுக் கட்டணம்.

எப்படி அனுப்பணும்?
மொழித் தொழில்நுட்பத்தில் பெரிய மாநாடான ஏசிஎல்-ஐ எடுத்துக்கொள்வோம். நீண்ட கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம். உங்க பெயரோ கல்லூரிப் பெயரோ உள்ளே இருக்கக் கூடாது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பவும் கூடாது. தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு, திராவிட மொழிகளுக்கென்றே 2021 முதல் நடக்கும் 'திராவிடியன்லாங்டெக்' பயிலரங்கும் இருக்கு.

கடைசி நேரம்?
'ஏஓஇ இரவு 11.59' என்று போட்டிருந்தால், நமக்கு மறுநாள் மாலை 5.29 வரை அனுப்பலாம்.

ஏன் உஷார்?
2005-ல் எம்ஐடி மாணவர்கள் மென்பொருளை வைத்து அர்த்தமே இல்லாத கட்டுரை ஒன்றை உருவாக்கி அனுப்பினார்கள். ஒரு மாநாடு அதை மதிப்பீடே செய்யாமல் ஏற்றது!

பிஎச்.டி மாணவர்களும் அவசரப்பட வேண்டாம். 2 மாநாட்டுக் கட்டுரை கட்டாயம் என்ற விதி, யுஜிசியின் 2022 விதிமுறைகளில் இல்லை. உங்க பல்கலைக்கழகத்தின் விதியை மட்டும் வழிகாட்டியிடம் கேட்டுக்கோங்க.