பந்தும் பட்டமும்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கூடைப்பந்து வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். அண்மையில், ஆறடிக்கு மேல் வளர்ந்த நம் தெரு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து, "ஐயா, பந்தா, படிப்பா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்றான். "படிப்பு" என்று ஒரே சொல்லில் கூறி அனுப்பிவிட்டோம். அவன் தலைகுனிந்து சென்ற காட்சி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அன்று அவனுக்குக் கூறியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. அவர் பணியாற்றியது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே இயக்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஓர் ஆசிரியர் தம் மாணவர்க்கெனக் கண்ட விளையாட்டு, பிற்காலத்தில் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் தொழிலாயிற்று.

அத்தொழிலின் உச்சியில் இருப்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் போட்டித் தொடர். 30 அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். 2015ஆம் ஆண்டு 60 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 52ஆவதாக டல்லாஸ் அணி அழைத்த பெயர் சத்னாம் சிங். அத்தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே.

சத்னாம் பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1995இல் பிறந்தவர். ஏழடிக்கு மேல் உயரம். லூதியானா பயிற்சிக் கூடத்தில் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்றார். 2010இல், 14 வயதில், உதவித்தொகை பெற்று ஃபுளோரிடாவிலுள்ள விளையாட்டுப் பள்ளிக்குச் சென்றார். அங்கு அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

நம் இளைஞர் உற்று நோக்க வேண்டிய இடம் இதுவே. அமெரிக்காவில் சிறந்த வீரர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக அணியில் ஆடியே முன்னேறுவர். அதற்குப் பாடங்களில் குறிப்பிட்ட தகுதி வேண்டும். அத்தகுதி கைகூடாமையால் அந்த வாயில் சத்னாமுக்கு அடைபட்டது. ஆட்டமும் முதிர்ந்து பட்டமும் கிடைக்கக்கூடிய ஆண்டுகளை இழந்து, அவர் நேரே தொழில்முறைத் தேர்வுக்குச் சென்றார்.

தேர்ந்தெடுக்கப்பட்டதோடு ஏணி நின்றது. என்.பி.ஏ. தொடரின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணியில் இரண்டு பருவங்கள் இருந்தார். அங்கும் பெரும்பாலும் ஓரத்து இருக்கையே அவருக்கு வாய்த்தது. 2018இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் சேர்ந்தார். 2019இல் ஊக்கமருந்துச் சோதனையில் தவறியதால் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2021இல் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தமானார்.

இவர் ஒருவர் நிலை மட்டுமன்று இது. லூதியானாவில் பயின்ற அம்ரித்பால் சிங் ஜப்பானிலும், 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அணியிலும் ஆடினார். நடவு முடிந்ததும் அடுத்த வயல் தேடிச் செல்லும் நம் பெற்றோரின் வாழ்வை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த அணி. அழைப்பு வாராவிடில் வீடு.

எனினும், இவ்வாறு அலைந்தும் நிலைத்தவர் உண்டு. அமெரிக்கரான இஷ் ஸ்மித் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவங்கள் ஆடியவர். 2010ஆம் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஆயினும் அவர் 13 என்.பி.ஏ. அணிகளில் ஆடினார், எவரும் அத்தனை அணிகளில் ஆடியதில்லை. 2023இல் டென்வர் அணியுடன் வாகையும் சூடினார்.

கூலிக்கு ஆடியோர் வரிசையில் நம் முன்னோர் ஒருவரையும் நினைவுகூர்தல் கடமை. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பல்வாங்கர் பாலு, புனேயில் ஆங்கிலேயர் மன்றத்தின் ஆடுகளத்தைப் பராமரிக்கும் கூலியாளாக இருந்து, அவர்களுக்குப் பந்து வீசியே கிரிக்கெட் பயின்றார். இந்துக்கள் அணிக்கு ஆடியபோதும் தேநீர் அவருக்குத் தனிக் குவளையில், வெளியே வழங்கப்பட்டது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அத்துணைத் திறன் இருந்தும் தலைமைப் பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

திறமை களத்தின் வாயிலைத் திறக்கும். உள்ளே எத்துணைக் காலம் இருத்தல் என்பதைப் பிறர் முடிவு செய்வர். முழங்கால் ஓய்ந்தபின் பிழைப்பு என்ன என்ற வினாவுக்கு ஒருவன் கையில் விடை இருக்க வேண்டும். அவ்விடையைத் தருவதற்கே நம் போன்ற கல்விச் சங்கங்கள் தோன்றின. அதே வேளையில், ஆடத் துடிக்கும் பிள்ளையின் பந்தைப் பறிப்பதும் கல்வியாகாது. அத்தவற்றை நாமே செய்தோம்.

ஆகவே, தம்பி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இனிக் கூறமாட்டோம். மாலையில் ஆடு, விளக்கேற்றியதும் ஆங்கிலப் பாடநூலுடன் எம் இல்லத்திற்கு வா. அதிராம்பட்டினத்திலிருந்து எவ்வூர் அணி உன்னை அழைத்தாலும், அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தை நீயே படித்துப் பொருளறிந்து கையொப்பமிட வேண்டும். அதுவே எம் விருப்பம்.