சீர்வரிசைப் பாத்திரமும் நிக்கலும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்பு கல்யாணச் சீர் என்றால் பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை. பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும்; உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். அந்தத் தொல்லையை ஒழித்தது எவர்சில்வர். நூறு பங்கில் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் கலந்த எஃகு அது. ஜெர்மனியின் க்ரூப் ஆலை 1912இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வகை, நம் அடுப்படிக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வழிமறித்தது விலை. 1960களின் இறுதியில், உருகிய எஃகில் ஆர்கானும் ஆக்சிஜனும் செலுத்திக் கரியை நீக்கும் முறை வந்து, மலிவான மூலப்பொருளிலிருந்தே நல்ல எஃகு கிடைத்தது. 1981-82இல் சேலம் உருக்காலையும் தகடு உருட்டத் தொடங்கியது. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய சொம்பு குடிசைக்கும் போனது. செய்முறை மலிந்ததும் நிக்கலின் தேவை பெருகியது என்பதே இதில் நான் காண்பது.

மலிவுதானே நிக்கலைக் குறைத்தது என்று கேட்கலாம். இன்றைய பாத்திரங்கள் பலவற்றில் மாங்கனீசு கூடி, நிக்கல் ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நிக்கலின் விலையேற்றம். நிக்கலை இறக்குமதி செய்தே பிழைக்கும் நாடு இது. 2007 மே மாதம் ஒரு டன் 50,000 டாலரைத் தாண்டியபோது எந்தப் பட்டறை தாங்கும்? அதே விலைதான் சீனாவைத் தரம் குறைந்த செம்மண் தாதுவை நேராக உலையிலிட்டு நிக்கல் வார்ப்பிரும்பு எடுக்கத் தூண்டியது. பின்னர் அந்த உலைகள் இந்தோனேசியாவுக்குப் பரவின. இன்று உலகச் சுரங்க நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது. விலை சரிந்தது, எவர்சில்வர் எஃகின் உற்பத்தியோ ஏறியது. நிக்கலின் தேவை குறையும் என்பதற்கு, நிக்கலே வேண்டாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரிகள் பெருகுவதையும் சிலர் காட்டுவார்கள். ஆனால் நிக்கலின் பெரும்பங்கு இன்றும் எவர்சில்வருக்கே போகிறது. பேட்டரியின் பங்கு அதைவிட மிகச் சிறியது.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: விலை ஏறியபோது கைவிட்ட நிக்கல், விலை இறங்கியதும் தானாகத் திரும்புவதில்லை. பளபளப்பில் வித்தியாசம் தெரியாது; மாங்கனீசு எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாததால் அந்தச் சோதனையும் பலிக்காது. சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள், அந்த 18-8 எஃகின் தரக் குறியீடான 304 என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.