துரோகியின் பெயரும் மதிலின் பிளவும்

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை 1799 மே 4 அன்று வீழ்ந்ததற்கு மக்கள் நினைவு சொல்லும் காரணம் ஒரே பெயர்: மீர் சாதிக். ஊதியம் தருவதாகச் சொல்லிக் காவலர்களை மதிலிலிருந்து அகற்றினார் என்பது வழங்கிவரும் கதை. ஆனால் கும்பினிப் படையின் பீரங்கிகள் மேற்குப் பக்க மதிலை முன்னரே பிளந்திருந்தன. அதற்கும் ஏழாண்டுகள் முன்பு, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மைசூர் அரசு தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடும் ஏற்க நேர்ந்தது. ‘துரோகி’ என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் மறைத்துவிடுகிறது.

அண்மைய மென்பொருள் வரலாற்றிலும் இம்மறைப்பைக் காணலாம். லினக்ஸ் இயங்குதளங்களில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்னும் தரவுச் சுருக்கத் தொகுப்பில் பின்வாசல் ஒன்று மறைந்திருப்பதை 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் வெளிப்படுத்தினார். தொலைநுழைவில் நேர்ந்த அரை நொடித் தாமதமே அவருக்கு ஐயமூட்டியது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஈராண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கை பெற்றவர் யார் என்பதே பெரும்பேச்சானது.

தொலைநுழைவுக்கான ஓப்பன்எஸ்எஸ்ஹெச் நிரலுக்கு அத்தொகுப்பு தேவையே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் தம் வசதிக்காகச் சேர்த்த இணைப்பே வழி திறந்தது. தொகுப்பையோ நெடுங்காலம் ஊதியமின்றிப் பேணியவர் ஒரே தன்னார்வலர். ஜியா டானின் அடையாளம் நாளை தெரியவந்தாலும், இவ்விரண்டு நிலைமைகளும் பிற தொகுப்புகளில் அப்படியே இருக்கும். ஆய்வாளர் கேட்க வேண்டியது, மதிலைப் பேணும் பொறுப்பும் பொருளும் யாரிடம் இருந்தன என்பதே.